குணமான பிறகு நடந்தவை

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு பெண்ணின் மருத்துவச் செலவுக் கணக்கு இருக்கிறது. 12 ஆண்டுகளாக உதிரப்போக்கால் அவதிப்பட்டவள் அவள். வைத்தியர் பலரிடம் போய், கையிருப்பையெல்லாம் கரைத்து, அவர்கள் கையாலும் பாடுபட்டு, கடைசியில் முன்பைவிட மோசமான நிலைக்கு வந்து சேர்ந்தாள் என்கிறார் மாற்கு. இதே நிகழ்ச்சியை லூக்காவும் எழுதியிருக்கிறார். லூக்கா ஒரு வைத்தியர் என்பது திருச்சபையில் பழங்காலம் தொட்டு வரும் நம்பிக்கை. கொலோசெயருக்கு எழுதப்பட்ட கடிதத்தில் அதற்குக் குறிப்பும் உண்டு. அவர் கதையில் வைத்தியர்களால் அவள் பட்ட துன்பம் இல்லை, நோய் முற்றிய செய்தியும் இல்லை. யாராலும் குணப்படுத்த முடியவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

கூட்ட நெரிசலில் பின்பக்கமாக வந்து அவள் இயேசுவின் மேலாடையைத் தொடுகிறாள். உதிரப்போக்கு நின்றுவிடுகிறது. உடம்பில் அது அவளுக்கே தெரிகிறது. அற்புதத்தை மட்டும் சொல்ல மாற்கு நினைத்திருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். யாருக்கும் தெரியாமல் அவள் வீடு போய்ச் சேர்ந்திருப்பாள். ஆனால் இயேசு நின்றுவிடுகிறார். தன்னைத் தொட்டது யார் என்று கேட்கிறார். இத்தனை பேர் இடித்துக்கொண்டு வரும்போது இதென்ன கேள்வி என்று சீடர்கள் சலித்துக்கொள்கிறார்கள். அவர் விடுவதாக இல்லை, சுற்றும்முற்றும் பார்க்கிறார். அவள் நடுங்கிக்கொண்டே முன்னால் வந்து விழுந்து, நடந்தது அத்தனையும் சொல்கிறாள். அவர் அவளை மகள் என்று அழைத்து, சமாதானத்தோடு போகச் சொல்கிறார். நான்கு நற்செய்திகளிலும் இயேசு தனியொரு பெண்ணை மகள் என்று அழைப்பது இந்த நிகழ்ச்சியில் மட்டும்தான்.

இவ்வளவும் நடக்கும்போது பக்கத்தில் ஒருவர் தவித்துக்கொண்டு நிற்கிறார். யவீரு, ஜெபஆலயத் தலைவர். ஊரில் பெயரும் மதிப்பும் உள்ளவர். சாகக் கிடக்கும் தன் மகளைக் காப்பாற்றத்தான் இயேசுவை அழைத்துக்கொண்டு போகிறார். அந்தச் சிறுமிக்கு வயது 12. பெயரில்லாத ஒருத்தி தன் 12 ஆண்டுத் துயரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் யவீருவின் மகள் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. ஒரு கதையைத் திறந்து, அதற்குள் இன்னொன்றைச் சொல்லி, மறுபடி முதல் கதைக்குத் திரும்புவது மாற்கு பல இடங்களில் கையாளும் முறை. இங்கே அது வாசகரின் நெஞ்சை உலுக்குகிறது. மகளுக்காக மன்றாட அப்பா இருக்கிறார். இந்தப் பெண்ணுக்கு யாரும் இல்லை. அந்தத் தகப்பன் நிற்கும்போதே, ஊர் முழுக்கக் கேட்கும்படி அவளுக்கு மகள் என்ற உறவு கொடுக்கப்படுகிறது. பிறகு சிறுமியும் எழுப்பப்படுகிறாள். பெரியவர்கள் திகைத்து நிற்க, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கும்படி இயேசு சொல்கிறார்.

கிறிஸ்தவ வேதத்தின் சுகமளிக்கும் அற்புதங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: நடந்ததா, நடக்கவில்லையா? ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அற்புதங்களாலேயே ஆன மாற்கு நற்செய்தியை அந்தக் கேள்வியோடு மட்டும் திறக்கிறவர் பக்கங்களில் பாதியைப் படிக்காமல் மூடிவிடுகிறார். இந்தக் கதைகளில் நோய் பற்றி ஒரு வரி இருக்கும். குணமாகும் நொடிக்கு இன்னொரு வரி. மற்ற இடமெல்லாம் மனிதர்களுக்கு: யார் வழிவிட்டார்கள், யார் மறித்தார்கள், குணமானவர் எங்கே போனார், அங்கே அவரை யார் சேர்த்துக்கொண்டார்கள். உடம்பு சரியான பிறகு அந்த மனிதருக்கு ஊரில் என்ன இடம் கிடைத்தது என்பதே கதை சொல்கிறவர்களின் கவலையாக இருந்திருக்கிறது.

நடந்ததா என்ற கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. இயேசு நோய் தீர்ப்பவர் என்று அவர் வாழ்ந்த காலத்திலேயே அறியப்பட்டிருந்தார் என்பதை இன்றைய வரலாற்றாய்வாளர்களில் பெரும்பான்மையோர் ஏற்கிறார்கள். அமெரிக்கக் கத்தோலிக்க அறிஞர் ஜான் மையர், 'எ மார்ஜினல் ஜூ' நூலின் இரண்டாம் தொகுதியில் (1994) ஒவ்வொரு அற்புதக் கதையையும் தனித்தனியே ஆராய்ந்தார். இயேசுவைப் பற்றிய வேறெந்தச் செய்திக்கும் குறையாத சான்று அவர் நோய் தீர்ப்பவராக அறியப்பட்டதற்கும் இருக்கிறது என்பது அவர் முடிவு. அந்தச் செயலைச் செய்தது கடவுளா என்பது வரலாற்றாய்வின் எல்லைக்கு வெளியே என்றும் கோடு போட்டுக்கொண்டார். பழங்கால எதிரிகளும் நடக்கவில்லை என்று சொல்லவில்லை. எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர்கள், பேய்களின் தலைவன் துணையோடு பேயோட்டுகிறான் என்றார்கள். இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தைத் தாக்கி எழுதிய செல்சஸ், எகிப்தில் கற்றுவந்த மாந்திரீகம் என்றார். யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதும் சூனியக் குற்றச்சாட்டைப் பதிவு செய்திருக்கிறது. அன்றைய சண்டை, அந்த வல்லமை யாருடையது என்பதில் இருந்தது. இயற்கை விதிக்கு எதிரான சாட்சியை நம்பலாமா என்ற வாதம் தத்துவஞானி டேவிட் ஹியூமின் 1748ஆம் ஆண்டுக் கட்டுரையோடு கூர்மையடைந்தது. மின்விளக்கும் வானொலியும் பழகிய மனிதன் புதிய ஏற்பாட்டின் அற்புத உலகத்தை அப்படியே ஏற்க முடியாது என்று ஜெர்மன் இறையியலாளர் ருடால்ஃப் புல்ட்மான் 1941இல் எழுதினார். இந்த விவாதங்கள் முக்கியமானவை. ஆனால் மாற்குவின் வாசகர்கள் இந்தக் கேள்வியோடு அவர் முன் உட்காரவில்லை.

அவர்கள் வாழ்ந்த உலகத்தில் நோய் தீர்க்கும் கதைகள் மலிந்திருந்தன. கிரேக்க நாட்டின் எபிடாரஸில் அஸ்க்லீப்பியஸ் தெய்வத்தின் கோயில் இருந்தது. கோயில் மண்டபத்தில் படுத்துறங்கிக் கனவில் குணம் பெற்றவர்களின் கதைகளைக் கி.மு. நான்காம் நூற்றாண்டில் கல்லில் வெட்டி வைத்தார்கள். இன்று கிடைப்பவை சுமார் 70. நோயாளியின் பெயர், ஊர், நோய், குணமான விதம், செலுத்திய காணிக்கை என்று ஒழுங்காக எழுதியிருக்கும். ஆதென்ஸிலிருந்து வந்த அம்புரோசியா என்ற பெண்ணுக்கு ஒரு கண் தெரியாது. கோயிலில் எழுதியிருந்த சில கதைகளைப் படித்து, நம்பும்படியாக இல்லை என்று சிரித்துவிட்டாள். கனவில் தெய்வம் தோன்றி, குணப்படுத்துகிறேன், ஆனால் உன் அறியாமையின் நினைவாக வெள்ளிப் பன்றி ஒன்றைக் காணிக்கை வைக்கவேண்டும் என்றதாம். காலையில் பார்வையோடு போனாள் என்கிறது கல்வெட்டு. அடுத்து வரும் நோயாளி வாசலிலேயே படித்து நம்பிக்கை பெற வேண்டும் என்பதற்காக வைத்த கற்கள் அவை.

இன்னொரு கதை மாற்கு நற்செய்தி எழுதப்பட்டதாக அறிஞர்கள் கருதும் காலத்துக்கு, அதாவது கி.பி. 70க்கு, மிக அருகில் நடந்தது. ரோமின் புதிய பேரரசராக அறிவிக்கப்பட்ட வெஸ்பாசியன் அலெக்சாந்திரியாவில் தங்கியிருந்தார். அரச பரம்பரையில் வராதவர். ஆட்சி இன்னும் உறுதிப்படவில்லை. கண் தெரியாத ஒருவரும் கை விளங்காத ஒருவரும் அவரிடம் வந்து குணமாக்க வேண்டினார்கள். கண்ணில் எச்சில் பூசவேண்டும், கையைக் காலால் மிதிக்கவேண்டும் என்பது வேண்டுதல். பேரரசர் தயங்கி, முதலில் வைத்தியர்களைக் கூப்பிட்டு இது ஆகக்கூடியதா என்று கருத்துக் கேட்டார். பலித்தால் புகழ் பேரரசருக்கு, பலிக்காவிட்டால் கேலி அந்த ஏழைகளுக்கு என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அவர் செய்தார், இருவரும் குணமானார்கள் என்று எழுதியவர் டாசிட்டஸ், ரோமின் மிகக் கறாரான வரலாற்றாசிரியர்களில் ஒருவர். இன்னொரு ரோம எழுத்தாளரான சுவெட்டோனியஸும் இதைக் குறித்திருக்கிறார். அவர் சொல்வதில் கைக்குப் பதில் கால்.

எச்சிலால் கண் திறக்கும் கதை மாற்குவிலும் உண்டு. பெத்சாயிதாவில் கண் தெரியாத ஒருவரை இயேசு கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப்போகிறார். எச்சில் தொட்டுக் கைவைத்த பிறகும் பார்வை முழுதாக வரவில்லை; மனிதர்கள் நடமாடும் மரங்களைப் போலத் தெரிகிறார்கள். இரண்டாம் முறை கைவைத்த பிறகே தெளிகிறது. முதல் தடவையில் முழுப் பலன் கிட்டாத ஓர் அற்புதத்தை மாற்கு மறைக்காமல் எழுதினார். மத்தேயுவும் லூக்காவும் தங்கள் நூல்களில் இதைச் சேர்க்கவில்லை. குணமானவரை ஊருக்குள் போகாமல் நேராக வீட்டுக்குப் போகச் சொல்கிறார் இயேசு. யாரிடமும் சொல்லாதே என்ற கட்டளை மாற்குவில் திரும்பத் திரும்ப வருகிறது. அடையாளம் காட்டு என்று பரிசேயர்கள் கேட்டபோது பெருமூச்சு விட்டு, கொடுக்கமுடியாது என்று மறுத்துப் படகேறிப் போய்விடுகிறார். அலெக்சாந்திரியாவில் அற்புதம் அரியணைக்கு முட்டுக்கொடுத்தது. கலிலேயாவில் அற்புதம் செய்தவர் அதை அத்தாட்சிப் பத்திரமாக நீட்ட மறுத்தார். அற்புதங்களை இயேசுவின் தெய்வீகத்துக்கு நிரூபணமாக மட்டும் அடுக்கிக் காட்டும் பிரசங்கம், அவரே மறுத்த வேலையை அவர் பேரில் செய்கிறது.

நோய் தீர்ப்பதில் இயேசு தன் மக்களிடையே தனியான ஒருவரும் அல்லர். அதே நூற்றாண்டில் அதே கலிலேயாவில் ஹனினா பென் தோசா என்ற யூதப் பெரியவர் இருந்தார். யூதச் சட்ட ஆசிரியர் கமாலியேலின் மகன் காய்ச்சலில் கிடந்தபோது, ஹனினா தூரத்திலிருந்தே மாடியறையில் ஜெபித்ததாகவும், அதே மணிநேரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதாகவும் தல்மூத் சொல்கிறது. யோவான் நற்செய்தியில் அரச அதிகாரியின் மகன் கப்பர்நகூமில் குணமாகும் கதைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படையானது. யூத சமயத்தின் கருணையற்ற சட்டங்களை உடைக்க வந்தவர் இயேசு என்று கோடு இழுக்கும் முன் இதை நினைவில் வைக்கவேண்டும்.

உதிரப்போக்குள்ள பெண்ணின் கதைக்கு அந்தக் கோடு வலிந்து இழுக்கப்பட்டிருக்கிறது. தமிழ்ப் பிரசங்கங்களில் இந்தக் கதை பெரும்பாலும் தீட்டின் கதையாகவே வரும்: யூதச் சட்டம் அவளை ஒதுக்கியது, யாரையும் தொடக்கூடாது என்றது, அவள் சட்டத்தை மீறினாள், இயேசு சட்டத்தையே தள்ளிவிட்டார். தீட்டின் பெயரால் பெண்களை விலக்கிவைத்த வீடுகளிலும் கோயில்களிலும் வளர்ந்தவர்களுக்கு இந்த விளக்கம் உடனே பிடித்துப்போவது இயல்பு. லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தில் அப்படிப்பட்ட உதிரப்போக்குக்கு விதிகள் உண்டு என்பதும் சரி. ஆனால் மாற்குவின் கதையில் தீட்டு என்ற பேச்சே இல்லை. கூட்டத்தில் ஒருவரும் அவளை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. அமெரிக்க யூத அறிஞர் ஏமி-ஜில் லெவின் இதைப் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டிவருகிறார். தீட்டு அன்றைய யூத வாழ்க்கையில் எல்லோருக்கும் அடிக்கடி வந்து போவது; பாவமும் அல்ல. இல்லாத வில்லனாக யூத சமயத்தை நிறுத்தி இயேசுவை உயர்த்தும் பழக்கத்துக்கு ஐரோப்பாவில் யூதர்கள் கொடுத்த விலையை எண்ணினால், இந்த விளக்கத்தை விட்டுவிடுவதே நேர்மை. விவிலிய அறிஞர் மேத்யூ தீசன் 2020இல் வெளியிட்ட நூலில் இன்னும் ஒரு படி போகிறார்: இயேசு தூய்மை விதிகளை எதிர்க்கவில்லை, தீட்டுக்கு ஊற்றாக இருக்கும் நோயையும் மரணத்தையும் எதிர்த்தார் என்பது அவர் வாதம்.

மாற்கு முதல் அதிகாரத்தில் வரும் தொழுநோயாளியின் கதை இந்த வாதத்துக்கு இடம் தருகிறது. (லேவியராகமம் சொல்லும் அந்தத் தோல்நோய் துணியிலும் வீட்டுச் சுவரிலும் கூட வரும். ஆகவே 1873இல் மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த கிருமியால் வரும் இன்றைய தொழுநோய் அதுவல்ல என்பதே மருத்துவர்களும் விவிலிய அறிஞர்களும் கொண்டிருக்கும் பொதுவான கருத்து.) அந்த நோய் உள்ளவர் பாளையத்துக்கு வெளியே தனியாக வாழவேண்டும். இயேசு அவரைக் கைநீட்டித் தொடுகிறார். நோய் நீங்குகிறது. உடனே ஆசாரியரிடம் போய்க் காட்டி, மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்தச் சொல்கிறார். அந்த முறையில் ஆசாரியர் வைத்தியர் அல்லர். பார்த்து உறுதி செய்கிறவர். இரண்டு பறவைகள், கேதுரு மரக்கட்டை, சிவப்பு நூல், ஈசோப்புச் செடி, எட்டாம் நாள் பலி என்று நீளும் சடங்கில் அவர் சொல்லும் ஒரு சொல்லால்தான் ஊரின் கதவு திறக்கும். தோல் சரியானதோடு வேலை முடியவில்லை என்பது இயேசுவுக்குத் தெரிந்திருக்கிறது. சட்டத்தை மீறச் சொல்லவில்லை. அந்த மனிதரை உள்ளே கொண்டுவரும் வழியாக அதையே கையில் எடுக்கிறார். குணமானவரோ ஆசாரியரிடம் போனாரா என்று மாற்கு சொல்லவில்லை. ஊரெல்லாம் செய்தியைப் பரப்பிவிட்டார் என்று மட்டும் சொல்கிறார். அதனால் இயேசு எந்த ஊருக்குள்ளும் வெளிப்படையாக நுழையமுடியாமல் ஆளில்லாத இடங்களில் தங்கவேண்டியதாயிற்று. வெளியே கிடந்தவர் உள்ளே போக, உள்ளே இருந்தவர் வெளியே வந்துவிட்டார்.

ஓய்வுநாள் சர்ச்சைகளையும் இப்படித்தான் நிதானமாகப் படிக்கவேண்டும். லூக்கா 13ஆம் அதிகாரத்தில் 18 ஆண்டுகளாகக் கூன் விழுந்து நிமிரமுடியாத பெண் ஒருத்தி ஜெபஆலயத்தில் இருக்கிறாள். அவள் எதுவும் கேட்கவில்லை. இயேசுவே அழைத்துக் குணமாக்குகிறார். ஜெபஆலயத் தலைவர் கோபப்பட்டு, வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அப்போது வந்து குணமாகிக்கொள்ளுங்கள் என்று மக்களிடம் சொல்கிறார். அவர் சொன்னது பொருளற்றதல்ல. உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாளை மீறலாம் என்பது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலும் பதிவான யூத நெறி. இது உயிர்போகும் நோய் அல்ல. 18 ஆண்டு பொறுத்தவள் சூரியன் மறையும்வரை பொறுக்கமாட்டாளா? இயேசுவின் பதிலும் யூதச் சட்டத்துக்குள்ளிருந்தே வருகிறது. ஓய்வுநாளில் மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்கள். ஆபிரகாமின் மகளாகிய இவளை 18 ஆண்டுக் கட்டிலிருந்து அவிழ்க்கக்கூடாதா? மாட்டின் தாகம் ஒரு நாளுக்குக்கூடப் பொறுக்காது என்று ஒத்துக்கொண்ட சமூகத்திடம் அவர் கேட்டது, இவளும் நம் குடும்பத்தவள்தானே என்பது. விடுதலைக்கென்றே கொடுக்கப்பட்ட நாளில் அவள் ஏன் கட்டுண்டு கிடக்கவேண்டும்?

கப்பர்நகூமில் முடக்குவாதக்காரரைச் சுமந்துவந்து, கூட்டத்தால் கூரையைத் திறந்து இறக்கிய நால்வரின் கதை எல்லோருக்கும் தெரியும். 1968இலிருந்து பிரான்சிஸ்கன் துறவிகள் நடத்திய அகழாய்வில் அந்த ஊரின் கருங்கல் வீடுகள் வெளிப்பட்டன. சாந்து இல்லாமல் அடுக்கிய சுவர்கள்; மேலே மரக்கிளையும் மண்ணும் போட்ட கூரையைத்தான் அவை தாங்கும். கூரையைத் தோண்டினார்கள் என்று மாற்கு எழுதியது அந்த ஊர் வீட்டுக்குப் பொருந்துகிறது. லூக்கா அதை ஓடு வேய்ந்த கூரையாக மாற்றிவிட்டார். படுத்திருந்தவரின் நம்பிக்கையைப் பற்றி இங்கே ஒரு சொல்லும் இல்லை. சுமந்துவந்தவர்களின் நம்பிக்கையைக் கண்டே இயேசு பேசுகிறார்.

யோவான் நற்செய்தி நம்மை எருசலேமுக்குக் கூட்டிப்போகிறது. ஐந்து மண்டபங்கள் கொண்ட பெதஸ்தா குளத்தை ஒரு காலத்தில் சில அறிஞர்கள் மோசேயின் ஐந்து நூல்களைக் குறிக்கும் கற்பனை என்று நினைத்தார்கள். பிறகு புனித அன்னாள் ஆலயத்தை ஒட்டிய அகழாய்வில், நடுவே சுவர் வைத்துப் பிரித்த இரட்டைக் குளம் கிடைத்தது. நான்கு பக்கம் நான்கு, நடுவில் ஒன்று என்று மண்டபங்கள் இருந்திருக்க வாய்ப்புண்டு. அங்கே 38 ஆண்டுகளாக நோயில் கிடந்த ஒருவரிடம் குணமாக விருப்பமா என்று இயேசு கேட்கிறார். அவர் ஆம் என்று சொல்லவில்லை. தண்ணீர் கலங்கும்போது இறக்கிவிட ஒரு மனிதரும் தனக்கு இல்லை என்கிறார். தேவதூதன் வந்து குளத்தைக் கலக்குவான் என்ற வசனம் மிகப் பழைய கைப்பிரதிகளில் இல்லை, பின்னால் சேர்ந்தது. அந்த நோயாளியின் பதிலோ எல்லாப் பிரதிகளிலும் இருக்கிறது. அவருடைய துயரத்தில் பாதி ஆளில்லாத துயரம்.

ஒன்பதாம் அதிகாரத்தில் வரும் பிறவியிலேயே கண் தெரியாதவரின் கதை, இதுவரை சொன்னதற்கு ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. அதிகாரத்தில் 41 வசனங்கள். சேறு பூசி, சீலோவாம் குளத்தில் கழுவி, பார்வையோடு அவர் திரும்பிவருவது ஏழாம் வசனத்திலேயே முடிந்துவிடுகிறது. (அந்தக் குளத்தின் படிகள் 2004இல் கழிவுநீர்க் குழாய் வேலையின்போது தற்செயலாக வெளிவந்தன.) மீதி 34 வசனங்களும் விசாரணை. அக்கம்பக்கத்தார் இவர் அவர்தானா என்று சந்தேகப்படுகிறார்கள். உட்கார்ந்து பிச்சை எடுத்தவராகவே அவரைப் பார்த்துப் பழகியவர்கள். பெற்றோர் பயந்து, எங்களைக் கேட்காதீர்கள், அவனுக்கு வயது வந்துவிட்டது, அவனையே கேளுங்கள் என்று நழுவுகிறார்கள். கடைசியில் விசாரித்தவர்கள் அவரை வெளியே தள்ளிவிடுகிறார்கள். குணமானதால் இருந்த இடமும் போயிற்று. இயேசு அவரைத் தேடிப்போய்க் காண்பது அதற்குப் பிறகுதான். குணமாக்கிய கை ஒன்று இருந்தாலும், ஊர் மாறாவிட்டால் என்ன ஆகும் என்பதை யோவான் எந்தப் பூச்சும் இல்லாமல் காட்டியிருக்கிறார்.

இந்தக் கதைகள் உடற்குறையோடு வாழ்கிறவர்களைக் காயப்படுத்தியும் இருக்கின்றன. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சமயக்கல்விப் பேராசிரியராக இருந்த ஜான் ஹல், நடுவயதில் முழுப் பார்வையையும் இழந்தவர். பார்வை உள்ளவர்கள் எழுதிய நூலாக விவிலியம் தன்னை எதிர்கொள்வதை 2001இல் ஒரு நூலாகவே எழுதினார். குருடு என்பது அறியாமைக்கும் அவநம்பிக்கைக்கும் உவமையாகப் பயன்படும் ஒவ்வொரு முறையும் அது உண்மையாகவே கண் தெரியாத ஒருவர்மேல் விழுகிறது. பிறவியிலிருந்து உடற்குறையோடு வாழ்ந்த இறையியலாளர் நான்சி ஐஸ்லாண்ட் 1994இல் வெளியிட்ட நூலில் வேறொரு பக்கத்தைத் திறந்தார்: உயிர்த்தெழுந்த இயேசுவின் உடலில் ஆணித் தழும்புகளும் விலாக் காயமும் அப்படியே இருக்கின்றன. முழுமை என்றால் தழும்பில்லாமை என்று நினைப்பவர்கள் இந்தக் காட்சியை என்ன செய்வார்கள்? இவர்களுடைய வாசிப்பை ஒதுக்கிவைத்து இன்று அற்புதங்களைப் பற்றி எழுதுவது சரியாகாது.

இன்னும் கொடிய காயம், குணமாகாதவரின் நம்பிக்கைக் குறைவே காரணம் என்ற பேச்சால் உண்டாவது. சுகமளிக்கும் கூட்டங்களுக்குப் போய், மேடையேறாமல் திரும்பிவந்த எத்தனையோ குடும்பங்கள் இந்தச் சொல்லைச் சுமந்துகொண்டிருக்கின்றன. அலெக்சாந்திரிய வைத்தியர்கள் வெஸ்பாசியனுக்குப் போட்டுக்கொடுத்த கணக்கும் இதுவே: பலித்தால் புகழ் மேலே, பலிக்காவிட்டால் பழி நோயாளிமேல். நம்பிக்கை இந்தக் கதைகளில் பேசப்படுகிறது என்பது உண்மை. நாசரேத்தில் மக்களின் அவநம்பிக்கையால் சிலரைத் தவிர வேறு யாரையும் குணமாக்க முடியவில்லை என்றும் மாற்கு எழுதுகிறார். ஆனால் அந்த அவநம்பிக்கை ஓர் ஊருடையது. படுக்கையில் கிடந்தவர்மேல் சுமத்தப்பட்டதல்ல. பெதஸ்தா குளத்தருகே குணமானவருக்கு இயேசு யார் என்றே தெரியாது. வலிப்பு வந்த பிள்ளையின் தகப்பன், நம்புகிறேன், நம்பாமலும் இருக்கிறேன் என்று ஒரே மூச்சில் கதறுகிறார், பிள்ளை குணமாகிறது. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவைப் பிடிக்க வந்த கூட்டத்தில் ஒருவருக்குக் காது வெட்டுப்படுகிறது. அவரைத் தொட்டு ஆற்றியதாக லூக்கா சொல்கிறார். அங்கே நம்பிக்கைக்கு இடமே இல்லை. பகைவனின் காது அது.

குணமாகாதவர்களும் இதே வேதத்தில் இருக்கிறார்கள். பவுல் தன் உடம்பில் இருந்த முள்ளை எடுக்கும்படி மூன்று முறை வேண்டினார், அது எடுக்கப்படவில்லை. பவுலின் உடன்பயணி துரோப்பீமு நோயாளியாக மிலேத்துவில் விடப்பட்டார் என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் கடிதத்தின் முடிவில் ஒரு வரி வருகிறது. முதல் கடிதத்தில் தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வரும் உடல்நலக் குறைவுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. இவர்களில் யாரையும் நம்பிக்கை போதாதவர் என்று எவரும் சொல்லவில்லை. மருந்துக்கும் வேதத்துக்கும் பகை இல்லை. எசேக்கியா அரசரின் கட்டிக்கு ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழப் பற்றுப் போடச் சொல்கிறார். கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள சீராக் நூல் வைத்தியரை மதிக்கச் சொல்லி ஓர் அதிகாரத்தின் பாதியைச் செலவிடுகிறது.

இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களில் சிலர் அற்புதத்தை எதிர்பார்த்துக் காத்திராமல், ஆளில்லாதவர்களுக்கு ஆளாகப் போனார்கள். கப்படோசியாவின் செசரியாவில் ஆயர் பசிலியார் 370களில் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் ஊருக்கு வெளியே பெரிய விடுதி கட்டினார். தொழுநோயாளிகளை அவர் தாமே அணைத்து முத்தமிட்டார் என்று நண்பர் கிரகோரியார் நினைவுரையில் சொல்கிறார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், பழைய தெய்வங்களின் வழிபாட்டை மீட்க முயன்ற பேரரசர் ஜூலியன், கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துத் தாங்குகிறார்கள், நமக்கு இது வெட்கம் என்று தன் தலைமைப் பூசாரி ஒருவருக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நேரடித் தொடர்ச்சி உண்டு. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த எலும்பு மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் நரம்பு செத்து மடங்கிப்போன விரல்களை, வேலை செய்யும் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தினார். மாற்கு மூன்றாம் அதிகாரத்தில் இயேசு குணமாக்கும் சூம்பிய கை அறுவைக்கூடத்தில் நீண்டது. ஆனால் கை சரியானவர்களில் சிலர் திரும்பிவந்து வேறொரு துயரத்தைச் சொன்னார்கள். நல்ல கையை நீட்டினால் பிச்சை விழவில்லை. நோய் வந்து போனவர் என்று தெரிந்ததால் வேலையும் கிடைக்கவில்லை. வாடகைக்கு வீடும் இல்லை. பிராண்ட் கல்லூரி வளாகத்திலேயே புதுவாழ்வு மையம் என்று குடிசைகள் அமைத்து, அவர்களைத் தங்கவைத்துத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்.

தொழுநோய்க்கான கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1980களின் தொடக்கத்தில். அதன் பிறகு அது முழுமையாகக் குணமாகும் நோய். ஆனால் தொழுநோய் வந்த ஏழைகளைப் பிடித்து அடைக்க வகைசெய்த 1898ஆம் ஆண்டின் சட்டம் 2016 வரை இந்தியச் சட்டப் புத்தகத்தில் கிடந்தது. கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தில் 2001இல் திருத்தம் வந்தபோது, கணவனுக்கோ மனைவிக்கோ உள்ள தீராத தொழுநோய் மணமுறிவுக்கு ஒரு காரணமாகப் புதிதாகச் சேர்க்கப்பட்டது. மருந்து வந்து ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்குப் பிறகு சேர்ந்த அந்தப் பிரிவையும், இந்து, முஸ்லிம், சிறப்புத் திருமணச் சட்டங்களில் இருந்த அதே மாதிரிப் பிரிவுகளையும் நாடாளுமன்றம் நீக்கியது 2019இல்.